ஒளிபரப்பு இடம்பெயர்ந்த பிறகும் நிமிர்ந்து நிற்கும் எஃகு: 333 மீட்டர் டோக்கியோ கோபுரம் பிழைத்தது எப்படி?

ஜப்பான் தலைநகர் டோக்கியோவின் நடுவே, ஷிபா பூங்காவை ஒட்டி, செம்மஞ்சளும் வெள்ளையுமாக 333 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது ஓர் எஃகுக் கோபுரம். தொலைக்காட்சி அலைகளைப் பரப்புவதற்கென்றே 1958-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட டோக்கியோ கோபுரம், அந்தத் தலையாய பணியை 2013-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மற்றொரு கோபுரத்திடம் ஒப்படைத்துவிட்டது. எந்த வேலைக்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலை போன பின்னும் அது இடிக்கப்படவில்லை, துருப்பிடிக்க விடப்படவுமில்லை. அதே 2013-ஆம் ஆண்டில் அது ஜப்பானின் பதிவு செய்யப்பட்ட பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

செயற்கைக்கோளும் இணையமும் தொலைக்காட்சியைத் தரைவழிக் கோபுரங்களிடமிருந்து பறித்துக்கொண்டுவிட்ட காலம் இது. இந்தியாவிலும் தூர்தர்ஷனின் பழைய அனலாக் அலைபரப்பிகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டுவிட்டன. அலை நின்ற பிறகு கோபுரத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு டோக்கியோ தரும் விடை, அது எப்படிக் கட்டப்பட்டது, யார் பணத்தில் கட்டப்பட்டது என்பதில் தொடங்குகிறது.

கோபுரத்துக்கு உயரம் ஏன் தேவைப்பட்டது?

தொலைக்காட்சிக்குப் பயன்படும் மீயுயர் அதிர்வெண் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. மத்திய அலை வானொலியைப் போல நிலத்தைத் தழுவி நெடுந்தொலைவு செல்லும் இயல்பு அவற்றுக்கு இல்லை. பூமி வளைந்திருப்பதால், குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் கோபுரத்தின் உச்சி அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். அதோடு அலையும் பலவீனப்படும். வளிமண்டலம் அலையைச் சற்றே வளைப்பதையும் சேர்த்துக்கொண்டு பொறியாளர்கள் ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். கோபுர உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அலை சென்றடையும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும்.

இந்தக் கணக்கின்படி 100 மீட்டர் கோபுரம் 41 கிலோமீட்டர் வரை எட்டும். 333 மீட்டர் கோபுரம் 75 கிலோமீட்டரை எட்டும். தொலைவை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதே இதில் உள்ள சிக்கல். கோபுரம் கட்டுவோரின் செலவுக் கணக்கு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

இதைத் தமிழக–கேரள எல்லையில் வைத்துப் பார்த்தால் தெளிவாக விளங்கும். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எல்லையை ஒட்டிய பாறசாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். குன்றுகளின் குறுக்கீட்டைக் கணக்கில் கொள்ளாவிட்டால், பாறசாலையை எட்டத் திருவனந்தபுரத்தில் 53 மீட்டர் உயரக் கோபுரமே போதும். டோக்கியோ கோபுரத்தைத் தூக்கி வந்து திருவனந்தபுரத்தில் நிறுத்தினால், அதன் அலை களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை ஆகிய ஊர்களைக் கடந்து நாகர்கோவிலுக்கு அப்பாலும் செல்லும். வீட்டுக் கூரையில் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்திருப்பவருக்குக் கன்னியாகுமரி முனையிலும் படம் தெரியக்கூடும்.

மறுபக்கம், சென்னையிலிருந்து பாறசாலை நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்கும் அதிகம். சென்னையில் நிற்கும் ஒரே கோபுரத்தின் அலை நேரடியாகப் பாறசாலையைத் தொட வேண்டுமானால், அந்தக் கோபுரம் சுமார் 23 கிலோமீட்டர் உயரம் இருக்க வேண்டும். எவரெஸ்ட் சிகரத்தைப் போல இரண்டரை மடங்கு! 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தின் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்தக் கிராமங்களுக்கு எல்லைக்கோட்டை ஆணையத்தால் வரைய முடிந்தது. எந்த மொழித் தொலைக்காட்சி கூரையில் வந்து இறங்கும் என்பதைத் தீர்மானித்ததோ வர்க்கமூலம்தான். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கப்பட்டிருந்தாலும், இப்பகுதிக்கு அருகில் இருந்தது 1985-இல் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கிய திருவனந்தபுரம் நிலையமே.

கோபுரம் கட்ட முடியாத உயரத்துக்கு மலையைப் பயன்படுத்துவது பழைய உத்தி. கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் அலைபரப்பி வைத்ததும், 1982-இல் தொடங்கப்பட்ட இலங்கையின் ரூபவாஹினி தன் அலைபரப்பியை 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையில் வைத்ததும் இந்தக் காரணத்தால்தான். தென் தமிழகக் கடலோரத்தில் ரூபவாஹினி தெரிந்தது எப்படி என்று வியந்தவர்களுக்கும் இதுவே விளக்கம்.

டோக்கியோவுக்கு அந்த வசதி கிடையாது. நகரம் கான்டோ சமவெளியில் பரந்து கிடக்கிறது. உயரம் வேண்டுமானால் எஃகில்தான் எழுப்பியாக வேண்டும்.

ஆளுக்கொரு கோபுரம்

ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1953 பிப்ரவரியில் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.வுடன் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிப்பான் டெலிவிஷன் என்ற தனியார் நிறுவனமும், 1955-இல் இன்று டி.பி.எஸ். எனப்படும் நிறுவனமும் களம் இறங்கின. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் கோபுரம் எழுப்பிக்கொண்டது. அவற்றில் எதுவும் 180 மீட்டரைத் தாண்டவில்லை. அந்த உயரத்துக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான் எல்லை. கோபுரங்கள் வெவ்வேறு திசைகளில் நின்றதால், அலைவரிசையை மாற்றும்போது வீட்டு ஆன்டெனாவையும் திருப்ப வேண்டிய நிலை சில பகுதிகளில் இருந்தது. மேலும் இரு தனியார் நிறுவனங்கள் 1959-இல் ஒளிபரப்பைத் தொடங்க அணியமாகிக்கொண்டிருந்தன. இப்படியே விட்டால் தலைநகர் கம்பிக் கோபுரங்களின் காடாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெரிய கோபுரம் என்ற எண்ணம் இதிலிருந்தே பிறந்தது.

அதைச் செயல்படுத்த முன்வந்தது அரசு அன்று. ஒரு தனியார் நிறுவனம். சன்கெய் நாளிதழின் நிறுவனரான ஹிசாகிச்சி மயேதா 1957 மே மாதம் இதற்கெனவே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஒளிபரப்பு நிறுவனங்கள் தரும் வாடகையோடு, மேலே ஏறிப் பார்க்க வரும் மக்கள் தரும் கட்டணமும் கோபுரத்தைக் காக்கும் என்பது அவருடைய கணக்கு. அதனால்தான் கோபுரத்தின் கால்களுக்கு நடுவே அடுக்குமாடி வணிகக் கட்டடமும், உயரே பார்வையாளர் தளமும் தொடக்க வரைபடத்திலேயே இடம்பெற்றன. ஒளிபரப்புக் கோபுரத்தில் கடைக்கும் உணவகத்துக்கும் என்ன வேலை என்று அன்று கேட்டவர்கள் இருந்திருக்கக்கூடும். அரை நூற்றாண்டு கழித்து அந்தக் கோபுரத்தைக் காப்பாற்றியது அந்தக் கடையும் பார்வைத் தளமும்தான்.

கோபுரம் எழுந்த நிலத்தில் ஒரு பகுதி, டோக்குகாவா வம்சத்துப் படைத்தலைவர்களின் குலக்கோயிலான ஸோஜோஜி பௌத்த ஆலயத்தின் இடுகாட்டைச் சேர்ந்தது. இன்றும் அந்த ஆலயத்தின் ஓட்டுக் கூரைக்குப் பின்னால் எஃகுக் கோபுரம் எழுந்து நிற்கும் காட்சியே டோக்கியோவின் மிக அதிகம் படமெடுக்கப்பட்ட காட்சிகளில் ஒன்றாக இருக்கிறது.

கோபுரங்களின் முனைவர்

கட்டமைப்பை வடிவமைக்கும் பொறுப்பு, அப்போது எழுபது வயதைக் கடந்திருந்த டாச்சு நைட்டோ என்ற பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1886-இல் பிறந்த இவர் வாசெதா பல்கலைக்கழகப் பேராசிரியர். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களை வடிவமைப்பதில் ஜப்பானின் முன்னோடி. இளமையில் அமெரிக்காவுக்குக் கப்பலில் சென்றபோது, கூடுதல் பொருட்களை அடைக்க இடம் வேண்டிப் பயணப் பெட்டியின் உள்தடுப்புகளை அகற்றிவிட்டதாகவும், பயணத்தின் நடுவே பெட்டி நசுங்கிப்போனதாகவும், தடுப்புச் சுவர்தான் பெட்டிக்கு வலு என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உதித்ததாகவும் சொல்வதுண்டு. கட்டடத்தின் உள்ளே வலுவான சுவர்களை உரிய இடங்களில் வைத்தால் அவை பக்கவாட்டு அசைவைத் தாங்கும் என்பதே அவர் வகுத்த கொள்கை.

அக்கொள்கைக்குத் தேர்வு விரைவிலேயே வந்தது. 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ, யோகோஹாமா நகரங்களைத் தரைமட்டமாக்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த கான்டோ பெரு நிலநடுக்கத்தில், நைட்டோ வடிவமைத்து அப்போதுதான் முடிந்திருந்த ஜப்பான் தொழில் வங்கிக் கட்டடம் பெரும் சேதமின்றி நின்றது. போருக்குப் பின் நகோயா தொலைக்காட்சிக் கோபுரம் (1954), ஒசாகாவின் இரண்டாவது சூட்டென்காக்கு கோபுரம் (1956), சப்போரோ தொலைக்காட்சிக் கோபுரம் (1957) என்று வரிசையாக அவர் கையில் கோபுரங்கள் எழுந்தன. ‘கோபுரங்களின் முனைவர்’ என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. கணினி இல்லாத காலம். உள்ளங்கையை விடச் சற்றே நீளமான ‘ஸ்லைடு ரூல்’ எனும் கணக்கிடும் அளவுகோல் ஒன்றையே அவர் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தினார்.

எதிரி நிலநடுக்கம் மட்டுமல்ல

நிலநடுக்க நாடான ஜப்பானில் இவ்வளவு உயரமான கோபுரத்துக்கு நிலநடுக்கமே முதல் அச்சுறுத்தல் என்று தோன்றும். மெலிந்து உயர்ந்த, எடை குறைந்த எஃகுக் கோபுரத்தைப் பொறுத்தவரை புயல்காற்றே பெரிய எதிரி. நிலநடுக்கம் ஒரு கட்டடத்தின் மீது செலுத்தும் விசை அதன் எடையைப் பொறுத்தது. எடை குறைந்தால் விசையும் குறையும். காற்றின் விசையோ அது மோதும் பரப்பைப் பொறுத்தது. உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் கூடும்.

இதற்கு விடைதான் கோபுரம் முழுவதும் காணப்படும் சட்டகப் பின்னல். சுவர் இருந்தால் காற்று அதன் மீது மோதும். பின்னல் இருந்தால் பெரும்பகுதி காற்று ஊடே போய்விடும். பின்னலில் உள்ள ஒவ்வொரு கட்டமும் முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதையும் காணலாம். நான்கு கம்பிகளை ஆணியடித்துச் சதுரம் செய்து பக்கத்தில் தள்ளினால் அது சாய்சதுரமாகச் சரிந்துவிடும். குறுக்கே ஒரு கம்பியைக் கொடுத்து முக்கோணங்களாக்கிவிட்டால், கம்பியே முறியாமல் அதன் வடிவம் மாறாது. கிராமத்துத் தச்சர் கதவுச் சட்டத்தின் குறுக்கே சாய்வாக ஒரு பட்டையை அறைவதும் இதே காரணத்துக்காகத்தான். கீழே அகன்று மேலே குறுகும் வளைவு, காற்றுத் தள்ளும்போது அடிப்பகுதியில் குவியும் சாய்க்கும் விசையைத் தாங்க உதவுகிறது. நான்கு கால்களும் வெளிப்பக்கமாக விரிந்து நழுவாதிருக்க, நிலத்தடியில் எஃகுக் கம்பிகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன.

ஈபிள் கோபுரத்தோடு ஓர் ஒப்பீடு இங்கே தேவை. பார்த்தவுடன் டோக்கியோ கோபுரம் பாரிஸ் கோபுரத்தின் நகல் போலத் தோன்றும். அந்தச் சாயலை எவரும் மறுப்பதில்லை. ஆனால் பொருள் வேறு. 1889-இல் நிறைவுற்ற ஈபிள் கோபுரம் பலரும் எண்ணுவதுபோல எஃகால் ஆனதன்று. அது தேனிரும்பு, அதாவது கரிமம் மிகக் குறைந்த, அடித்துப் பிசைந்து தூய்மையாக்கிய இரும்பு. அதன் உலோகக் கட்டமைப்பின் எடை சுமார் 7,300 டன். அதைவிட உயரமான டோக்கியோ கோபுரத்தின் எடையோ சுமார் 4,000 டன் மட்டுமே. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் எஃகின் வலிமையும் கணக்கிடும் முறையும் எவ்வளவு முன்னேறின என்பதை இந்த வேறுபாட்டில் காணலாம்.

போர் டாங்கிகள் கோபுரமாயின

கட்டுமானம் 1957 ஜூன் மாத இறுதியில் தொடங்கியது. டகேனகா நிறுவனம் பணியை ஏற்றது. திறப்பு விழா 1958 டிசம்பர் 23. ஏறத்தாழ பதினெட்டே மாதங்கள்! செலவு சுமார் 280 கோடி யென்.

போரில் தோற்று பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டில் நல்ல எஃகு எளிதில் கிடைக்கவில்லை. கொரியப் போரில் சேதமடைந்து பழைய இரும்பாகக் கழிக்கப்பட்ட அமெரிக்க டாங்கிகள் வாங்கி உருக்கப்பட்டன. கோபுரத்தின் மேற்பகுதிக்கான எஃகில் ஒரு பகுதி அவற்றிலிருந்து வந்தது. டாங்கிக் கவசத்துக்கான எஃகு தரத்தில் உயர்ந்தது என்பது ஒரு காரணம். மலிவாகக் கிடைத்தது மற்றொன்று. போர்க்கருவி பொழுதுபோக்குக் கருவியாக மாறியதை அமைதியின் சின்னமாகப் பின்னாளில் பலர் வருணித்தனர். அன்று அதை வாங்கியவர்களுக்குத் தேவைப்பட்டது நல்ல எஃகு, குறைந்த விலையில்.

எஃகுத் துண்டுகளை இணைத்தவை தறையாணிகள் எனப்படும் ரிவெட்டுகள். சுமார் 1,68,000 தறையாணிகள் பயன்படுத்தப்பட்டன. ஒவ்வொன்றும் செந்தழலாகச் சூடாக்கப்பட்டு, இடுக்கியால் மேலே வீசப்பட்டு, உயரத்தில் நிற்கும் தொழிலாளி அதை வாளியில் பிடித்து, ஆறுவதற்குள் துளையில் செருகி அறைய வேண்டும். ஆறும்போது ஆணி சுருங்கி இரு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இன்றைய பாதுகாப்புக் கயிறும் வலையும் இல்லாத நிலையில், குறுகிய பலகைகளின் மீது நின்று இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். பணியின்போது ஒரு தொழிலாளி தவறி விழுந்து உயிரிழந்தார்.

திறக்கப்பட்டபோது தன்னைத் தானே தாங்கி நிற்கும் கோபுரங்களில் உலகிலேயே உயரமானது இதுவே. அடுத்த சில மாதங்களிலேயே அதன் பயன் தெரிந்தது. 1959 ஏப்ரலில் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவின் திருமண ஊர்வலத்தைக் காண்பதற்காகவே ஜப்பானியர் தொலைக்காட்சிப் பெட்டிகளை வாங்கிக் குவித்தனர். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்றுதான் இந்தியாவில், டெல்லியில், சோதனை முறையில் தொலைக்காட்சி முதன்முதலாகத் தலைகாட்டியது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

எல்லோருக்கும் பொதுவான கோபுரம் என்ற கனவு முழுமையாக நிறைவேறிவிடவில்லை. நிப்பான் டெலிவிஷன் தன் சொந்தக் கோபுரத்தை விட்டு வர மறுத்து, 1970 வரை தனித்தே நின்றது.

நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது அழகுக்காக அன்று

அந்தச் செம்மஞ்சள் நிறம் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கட்டளை. உயர்ந்த அமைப்புகள் விமானிகளின் கண்ணில் பகலில் தெளிவாகப் படவேண்டும் என்பதற்காக ‘பன்னாட்டுச் செம்மஞ்சள்’ எனப்படும் நிறமும் வெள்ளையும் மாறி மாறி பூசப்பட வேண்டும். 1986 வரை 11 பட்டைகளாக இருந்த வண்ணம், விதி தளர்த்தப்பட்டதும் 7 பட்டைகளானது. எஃகு காற்றிலும் ஈரத்திலும் துருப்பிடிக்கும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கோபுரம் முழுவதும் மறுபடி வண்ணம் பூசப்படுகிறது; தூரிகையைக் கையில் பிடித்து மனிதர்கள்தான் பூசுகிறார்கள். எஃகுக் கோபுரம் என்பது ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய பொருளன்று. பராமரிப்பு நின்ற நாளிலிருந்தே அதன் ஆயுள் தேயத் தொடங்கிவிடும்.

இரவுத் தோற்றம் 1989-இல் மாறியது. ஒளி வடிவமைப்பாளர் மொட்டோக்கோ இஷீ அமைத்த விளக்குகள் குளிர்காலத்தில் செம்மஞ்சளாகவும் கோடையில் வெண்மையாகவும் கோபுரத்தை ஒளிரச் செய்கின்றன. அதுவரை ஓரங்களில் மட்டும் விளக்குப் புள்ளிகளோடு நின்ற கோபுரம், அந்த ஆண்டிலிருந்தே நகரத்தின் இரவு அடையாளமானது.

வேலை போன நாள்

டோக்கியோ வளர்ந்தது. 200 மீட்டருக்கும் மேற்பட்ட கட்டடங்கள் கோபுரத்தைச் சூழ்ந்தன. அவற்றின் நிழலில் அலை தடைப்பட்டது. எண்முறை ஒளிபரப்புக்கு இன்னும் உயரமான கோபுரம் வேண்டும் என்று ஒளிபரப்பு நிறுவனங்கள் முடிவெடுத்தன. நகரத்தின் மறுபக்கத்தில் 634 மீட்டர் உயரத்தில் எழுந்த டோக்கியோ ஸ்கைட்ரீ 2012 மே 22 அன்று திறக்கப்பட்டது. முன்பு சொன்ன கணக்கின்படி அதன் எல்லை ஏறத்தாழ 104 கிலோமீட்டர். ஓராண்டில் முதன்மைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு அங்கே இடம்பெயர்ந்தது.

இங்கே ஈபிள் கோபுரத்தின் வரலாறு தலைகீழாகத் திரும்புகிறது. 1889 உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட பாரிஸ் கோபுரத்துக்கு இருபது ஆண்டுகளே அனுமதி. 1909-இல் அது பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கக் கட்டப்பட்ட அந்தக் கோபுரத்தின் உச்சியில் பிரெஞ்சு இராணுவம் வைத்த கம்பியில்லாத் தந்தி நிலையமே அதற்கு மறுவாழ்வு தந்தது. பாரிசின் கோபுரத்தை அலை காப்பாற்றியது என்றால், அலைக்காகவே கட்டப்பட்ட டோக்கியோவின் கோபுரத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காப்பாற்றினார்கள்.

1958 முதல் 15 கோடிக்கும் மேற்பட்டோர் அந்தக் கோபுரத்துக்கு வந்திருக்கிறார்கள். 150 மீட்டரில் ஒரு தளம், 250 மீட்டரில் மற்றொரு தளம் என இரு பார்வைத் தளங்கள் உள்ளன. மின்தூக்கி வேண்டாம் என்போர் சுமார் 600 படிகளை வெளிப்புற எஃகுப் படிக்கட்டில் ஏறி முதல் தளத்தை அடையலாம். கால்களுக்கு நடுவே உள்ள கட்டடத்தில் மெழுகுப் பொம்மைக் காட்சியகம், மீன் காட்சியகம், சித்திரக்கதைப் பூங்கா என்று காலத்துக்குக் காலம் கடை மாறியது, வாடகை நிற்கவில்லை. திரைப்படத் துறையும் தன் பங்குக்கு உதவியது. 1961-இல் ‘மொத்ரா’ படத்தில் பூதாகார விட்டில் அந்தக் கோபுரத்தை முறித்துக் கூடு கட்டியது முதல் எத்தனையோ அரக்கர்கள் திரையில் அதை இடித்துவிட்டார்கள். இடிக்கப்படும் தோறும் அது மக்கள் மனத்தில் இன்னும் உறுதியாக நின்றது போலும்.

நம் ஊர்க் கோபுரங்கள்

இந்தியாவில் தரைவழித் தொலைக்காட்சிக் கோபுரங்கள் முற்றிலும் வேறு வழியில் எழுந்தவை. எல்லாம் அரசுடையவை, பெரும்பாலானவை வேலியிட்ட தொழில்நுட்ப வளாகங்கள். ராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு எழுந்திருக்கும் தூர்தர்ஷன் கோபுரம் டோக்கியோ கோபுரத்தைவிடப் பத்தே மீட்டர் குறைவு. அது எஃகுப் பின்னல் அன்று, கான்கிரீட். உப்புக்காற்று ஓயாத தீவில் கான்கிரீட்டுக்குப் பராமரிப்பு எளிது. மும்பை வொர்லியில் 300 மீட்டர் எஃகுப் பின்னல் கோபுரம் ஒன்று நிற்கிறது. நகரவாசிகளுக்கு அது தொலைவிலிருந்து தெரியும் அடையாளம், அவ்வளவே.

பிரசார் பாரதி, அனலாக் தரைவழி அலைபரப்பிகளைப் படிப்படியாக நிறுத்தி, எல்லைப்புறம் போன்ற முக்கியத்துவம் வாய்ந்த சுமார் 50 இடங்கள் தவிர ஏனையவற்றை 2022 மார்ச்சுக்குள் மூடப்போவதாக 2021-இல் அறிவித்தது. மின்செலவு மிச்சம், அலைக்கற்றை விடுவிப்பு, மக்களும் ஏற்கெனவே கேபிளுக்கும் டி.டி.எச்.சுக்கும் மாறிவிட்டார்கள் என்பவை அதற்கான காரணங்கள். அவை நியாயமானவையே. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குச் சென்னையும் பாறசாலையும் ஒன்றுதான். நெய்யாற்றின்கரையின் தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழ் அலைவரிசைகளும், மார்த்தாண்டத்தின் மலையாளக் குடும்பத்துக்கு மலையாள அலைவரிசைகளும் ஒரே தட்டில் வந்து சேர்கின்றன. வர்க்கமூலம் வரைந்த எல்லை அழிந்துவிட்டது.

கோபுரங்கள் மட்டும் நிற்கின்றன. சில கோபுரங்களில் தனியார் எஃப்.எம். வானொலி நிலையங்கள் வாடகைக்கு இடம் பிடித்திருப்பது ஒரு தொடக்கம். கொழும்பில் 350 மீட்டர் உயரக் கான்கிரீட் அமைப்பான தாமரைக் கோபுரம் 2022 செப்டம்பரில் நுழைவுக் கட்டணத்தோடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் டோக்கியோ வழியைப் பின்பற்றித்தான். ஆனால் பார்வைத் தளமே இல்லாமல் கட்டப்பட்ட கோபுரத்தில் பின்னாளில் மக்களை ஏற்றுவது எளிதன்று. மின்தூக்கியும், அவசர வெளியேற்ற வழியும், கூடுதல் எடையைத் தாங்கும் கட்டமைப்பும் வரைபடத்திலேயே இருந்திருக்க வேண்டும். 1957-இல் மயேதாவின் வரைபடத்தில் அவை இருந்தன.

இன்னும் ஓய்வு இல்லை

2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய பெரு நிலநடுக்கத்தில் டோக்கியோ கோபுரத்தின் ஆன்டெனா நுனி வளைந்தது. கட்டமைப்புக்கு வேறு பெரிய பாதிப்பு இல்லை. அடுத்த ஆண்டு அந்தப் பகுதியைச் சீரமைக்கப் பிரித்தபோது, ஆன்டெனாவைத் தாங்கும் தூணுக்குள்ளே ஒரு பழைய பேஸ்பால் பந்து கிடந்தது. தரையிலிருந்து 300 மீட்டருக்கும் மேலே அதை எவரும் எறிந்திருக்க முடியாது. கட்டுமானக் காலத்திலேயே உள்ளே விழுந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது.

சில எஃப்.எம். வானொலி நிலையங்கள் இன்றும் டோக்கியோ கோபுரத்திலிருந்தே ஒலிபரப்புகின்றன. தொலைக்காட்சி நிறுவனங்களும் அதை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. விபத்து, பேரிடர் அல்லது பராமரிப்புப் பணி காரணமாக ஸ்கைட்ரீயிலிருந்து ஒளிபரப்ப இயலாமல் போனால், தலைநகரின் ஒளிபரப்பை ஏற்க மாற்று நிலையமாக அது அணியமாக வைக்கப்பட்டுள்ளது.